இரண்டாவது பிரேக்

ஜனவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

நான் சௌக்கியம், விடுதிச் சாப்பாட்டையும் மீறி. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னபடி, வேலை நேரம் போக மீதி நேரம் வாயைத் திறக்காமல் இருக்கிறீர்களா? நம்ப முடியவில்லை. மாடி அத்தை நலமா? அவர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இன்னும் அதே பழைய மெஷின்தானா?

போன் செய்தால் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதம். விஷயம் இதுதான். எங்கள் வகுப்பில் பதினொரு பேர். எல்லோருக்கும் படம் எடுக்க ஆசை. கல்லூரியிடம் இருக்கும் கேமராவோ நாலு பேருக்குத்தான் வரும். அதனால் இன்னும் எடுக்காத படத்துக்கு முதலில் இரண்டு நிமிட டிரெய்லர் செய்து காட்ட வேண்டும். ஆசிரியர்கள் நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மீதி ஏழு பேர் அந்த நாலு பேருக்கு விளக்குப் பிடிக்க வேண்டும். மே 3 டிரெய்லர்களின் திரையிடல். வீட்டாரும் வரலாம்.

என்னுடையது ஒரு காதல் கதை. டிரைவிங் ஸ்கூலில் நடக்கிறது. கார் ஓட்டப் பழக வருகிறவளுக்குப் பதினெட்டு வயது. பயிற்சியாளரான தன் அம்மாவுக்குக் கால் முறிந்ததால் அம்மா இடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவளுக்குப் பத்தொன்பது. ஆமாம், இரண்டு பேருமே பெண்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

உங்கள் கார் வேண்டும். அதில் சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஒரு சின்னச் சிக்கல். அப்பாவிடம் 'டிரைவிங் ஸ்கூல் பற்றிய படம்' என்று மட்டும் சொன்னேன். அவர் அதைச் சாலைப் பாதுகாப்புப் படம் என்று எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். திரையிடலுக்கு மேனேஜரையும் கூட்டி வருகிறாராம்.

உங்கள் மருமகள்


ஜனவரி 14

மருமகளே,

உடம்பு முழுக்க நலம், கழுத்து மட்டும் விடுமுறையில். டாக்டர் என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா கத்துறீங்க?" என்றார். "இருபத்திரண்டு வருஷமா டிரைவிங் சொல்லித்தரேன்" என்றேன். "அதான்" என்று எழுதிக்கொண்டார். இப்போது வகுப்பில் எனக்கு அனுமதிக்கப்பட்ட வார்த்தை 'பிரேக்' ஒன்றுதான். வீட்டில் மாடிக்காரி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் கோபமாக எழுதினால் சாக்பீஸ் உடைகிறது. அவள் சிரிக்கிறாள். என் மௌனத்தால் உலகத்தில் ஒருத்திக்கு ஆதாயம் என்றால் அது அவளுக்குத்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிறாள்.

இந்த மாத மாணவர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பாருங்கள் என்று சைகை காட்டினால், இரண்டு நிமிடம் தன் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிறார். இவர் தேறிவிட்டால் நான் நடந்தே போய்க்கொள்வதாக இருக்கிறேன்.

கார் தருகிறேன். காதல் கதையா, எடு. இரண்டும் பெண்களா, இருக்கட்டும், உலகத்தில் நடக்காததா? ஆனால் அது டிரைவிங் ஸ்கூலில்தான் நடக்கணுமா? நூலகம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது. காருக்குள் கியர் மாற்றவே கை போதாது, இதில் காதலுக்கு எங்கே போவது?

உனக்குத் தெரியுமோ என்னவோ, என்னிடம் பழகித் தேறாமல் போனது ஒரே ஒருத்திதான். மாடிக்காரி. ஐந்து முறை தேர்வுக்குப் போனாள், ஐந்து முறையும் ஊற்றிக்கொண்டது. அப்புறம் "பஸ் இருக்கு, போதும்" என்று விட்டுவிட்டாள். எங்கள் மாடி காலியாக இருந்தது, வந்துவிட்டாள். என் தொழிலில் விழுந்த ஒரே கரும்புள்ளியைத் தினமும் காலையில் எதிரே உட்காரவைத்துக் காபி குடிக்கிறேன்.

உன் அப்பா, என் அருமை அண்ணன், மாதம் தவறாமல் போன் செய்கிறார். "நீ நல்லா இருக்கியா, கார் நல்லா இருக்கா?" அவ்வளவுதான் விசாரணை. காருக்குப் பாலிசி போட்டவர் அவர்தானே.

ஒன்று கேட்கணும். இந்தக் கதை உனக்கு எங்கே கிடைத்தது?

அத்தை


ஜனவரி 25

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாருக்கும் ஜலதோஷம், எனக்கு இன்னும் முறை வரவில்லை. உங்களுக்கும் மாடி அத்தைக்கும் வராமல் இருக்கட்டும்.

டிரெய்லரின் ஷாட் பட்டியலை இணைத்திருக்கிறேன். மொத்தம் பதினாலு. முதலில் ஸ்டியரிங்கை மட்டும் காட்டுகிறேன்: ஒரு கை பிடித்திருக்கிறது, இன்னொரு கை அதைச் சரிசெய்கிறது. பாதியில் மழை வரும், வைப்பர் வேலை செய்யாது. பேச்சு குறைவு.

முக்கியமானது ஒன்பதாவது ஷாட். பழகுகிறவள் தேர்வில், பாதை ஓரம் வைத்திருக்கும் கூம்பை இடிக்கிறாள். நாலாவது தடவையாக. ஆனால் இந்தத் தடவை அவள் முகத்தை நெருக்கத்தில் பார்க்கிறோம். அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். வேண்டுமென்றே இடிக்கிறாள். தேறிவிட்டால் வகுப்பு முடிந்துவிடுமே.

பதினாலாவது ஷாட், ஐந்தாவது தேர்வு. பின் சீட்டிலிருந்து எடுக்கப்போகிறேன். கியரின் மேல் ஒரு கை, அதை நோக்கி வரும் இன்னொரு கை. அதற்கப்புறம் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

கதை எங்கே கிடைத்தது என்று கேட்டீர்கள். ஒரு படிக்கட்டில்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

மருமகளுக்கு,

நலம். பட்டியல் கிடைத்தது. கார் சர்வீஸுக்குப் போகிறது. எப்போது வரும் என்று தெரியவில்லை. வேறு இடத்தில் கேட்டுப் பார்.

அத்தை


பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கும் ஜலதோஷம் வந்துவிட்டது. நீங்கள் நலம்தானே? நிஜமாகவே?

மூன்று டிரைவிங் ஸ்கூல்களில் கேட்டேன். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் சரி என்று சொல்லி, சாவியைக் கையில் எடுத்து, கதையைக் கேட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

நான் எதையாவது எழுதக் கூடாததை எழுதிவிட்டேனா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். நாலு வரிக் கடிதம் உங்களுக்கு வராது, அத்தை. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்


மார்ச் 8

கண்ணு,

நான் நலம். உங்க அத்தையும் உடம்பளவில் நலம். இதை அவளுக்குத் தெரியாமல், ஒரு முழங்கைக்கும் ஒரு இடுப்புக்கும் நடுவில் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தை மன்னித்துவிடு.

கார் எங்கேயும் போகவில்லை. வாசலில்தான் நிற்கிறது. உன் பட்டியல் வந்த அன்று அவள் மாடியேறி வந்து சிலேட்டை நீட்டினாள். "வேணும்னேவா?" என்று எழுதியிருந்தது. ஆமாம் என்றேன். "நாலு தடவையுமா?" என்று எழுதினாள். அதற்கும் ஆமாம் என்றேன். அழித்துவிட்டுக் கீழே போனாள். ஐந்து வாரமாகச் சிலேட்டு காலி. காலையில் வருகிறாள், காபி குடிக்கிறாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள்.

தப்பு உன்னுடையது இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் படிக்கட்டில் உட்காரவைத்து அந்த ரகசியத்தைச் சொன்னது நான். யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது. நீதான் என்னை 'மாடி அத்தை' என்று கூப்பிட்டாய். உங்க வீட்டில் வேறு யாரும் என்னை எதுவென்றும் கூப்பிட்டதில்லை.

அவளுக்குப் படத்தைக் கண்டு பயமில்லை. அதை உங்க அப்பா பார்ப்பார் என்பதுதான். திரும்பத் திரும்பத் தோற்றவள் யார் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் 'மாடியில் குடியிருப்பவள்'. அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாரும் சௌகரியமாக இருந்தோம். அது போய்விட்டால் மாதம் வரும் அந்த ஒரு போனும் நின்றுவிடும் என்று நினைக்கிறாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான்.

எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவள் சரி என்று சொல்லாமல் எடுக்காதே. ஐந்தாவது தடவை என்ன ஆச்சு என்று அன்றைக்கு நீ கேட்டாய். அதையும் அவளிடம்தான் கேட்கணும்.

இஞ்சி தட்டிப்போட்டு வெந்நீர் குடி. ஜலதோஷம் கேட்கும்.

மாடி அத்தை


மார்ச் 19

மருமகளே,

நலம். கார் சர்வீஸிலிருந்து வந்துவிட்டது. ஆறு வாரம் என்ன சர்வீஸ் என்று கேட்டால் மறுபடி அனுப்பிவிடுவேன்.

எனக்கு வந்தது முதலில் தொழில் கோபம், தெரிந்துகொள். அவள் முதல் தடவை தோற்றபோது கிளட்ச் கேபிளை மாற்றினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு பார்வையில் கோளாறு என்று கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூன்றாவதுக்கு, மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை நானே பின்னால் இழுத்து ரிவர்ஸ் எடுப்பதை விளக்கினேன். ஒரு வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த மகராசி எல்லாம் தெரிந்துகொண்டே நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து வந்திருக்கிறாள்! நாலு தடவையும் அதே கூம்பு, அதே இடத்தில் இடி. இவ்வளவு துல்லியமாக இடிக்கிறவளுக்கு ஓட்டத் தெரியாமல் இருக்குமா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டாமா? நான் ஒரு குருவா?

இரண்டாவது கோபம், உன்னிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லையே என்று. முந்தாநாள் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "நீ பேச்ச நிறுத்தினாத்தானே சொல்றதுக்கு" என்றாள்.

ஏப்ரல் 6 ஞாயிறு. இவள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருக்கும், அனுமதி வாங்கிவிட்டாள். கார் நகரும்போதெல்லாம் என் சீட்டில் நான்தான் உட்காருவேன். உன் நடிகை உட்காரணும் என்றால் கார் நிற்கும்.

அண்ணன் விஷயம் தனி. காரைத் தருவது வேறு, படத்தைக் காட்டுவது வேறு. நான் சொல்லும்வரை ஒன்பதாவது ஷாட்டை ஒட்டாதே. அது இல்லாவிட்டால் கதையே இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒட்டாதே.

அத்தை


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

சேதம் இல்லாமல் வந்து சேர்ந்தோம். கேமரா பிடித்தவனின் நெற்றியில் மட்டும் ஒரு வீக்கம். உங்களுக்கும் மாடி அத்தைக்கும் கழுத்து வலி இல்லையே?

எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பதினாலாவது ஷாட்டுக்கு ஓட்ட வேண்டிய நடிகை மூன்று தடவை எஞ்சினை அணைத்ததும், மாடி அத்தை அவள் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. பின்னாலிருந்து பார்த்தால் தோளும் கையும்தானே. "மூச்ச இழுத்துப் பிடிங்க... ம், விடலாம்" என்று எக்ஸ்ரே அறையில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுக் கிளம்பினாரே, அது அப்படியே பதிவாகியிருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓட்டுகிறார். பக்கத்தில் உங்கள் தோள். கியரின் மேல் அவர் கை. நான் சொன்னபடி உங்கள் கை மெதுவாக அதன் பக்கம் போகிறது. தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கார் குலுங்கி நின்றுவிடுகிறது.

எடிட்டிங் ஆசிரியை இதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். "டிரெய்லர் இங்கதான் முடியணும். இது நடிப்பு இல்ல" என்றார்.

அத்தை, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு காக்கா கூட இல்லை. ஏன் பிரேக் போட்டீர்கள்?

ஒன்பதையும் பதினாலையும் இன்னும் ஒட்டவில்லை. ஏப்ரல் 25க்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் நான் விளக்குப் பிடிக்கிறேன். மனசாரச் சொல்கிறேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 15

மருமகளே,

கழுத்து நலம். இதை நான் மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டும் குப்பைக்கூடையில் நலமாக இருக்கின்றன.

நாலு தடவை அவள் வேண்டுமென்றே தோற்றாள். சரி. ஐந்தாவது தடவைக்கு முன்னால் வேறு ஊரில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. எக்ஸ்ரே வேனை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை. லைசென்ஸ் கட்டாயம். அன்றைக்கு அவள் ஓட்டினது போல நான்கூட ஓட்டினது கிடையாது. பின் சீட்டில் தேர்வு அதிகாரி, முன்னால் நான். நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் பக்கத்துப் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுகிறவர் தோற்றார் என்று சட்டம். கூம்பெல்லாம் தாண்டியாகிவிட்டது. கடைசித் திருப்பம் மட்டும் பாக்கி. என் கால் போய்ப் பிரேக்கில் விழுந்தது. நான் மிதித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பார், கை மறுபடி 'கால்' என்றே எழுதுகிறது. நான்தான் மிதித்தேன்.

"ஏன்?" என்றார் அதிகாரி. "நாய்" என்றேன். நாய் இல்லை.

பத்தொன்பது வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவளைக் கரும்புள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். வாய் ஓயாமல் பேசுகிறவர்களைச் சந்தேகப்படு, மருமகளே.

நேற்றுச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "அஞ்சாவது தடவை நாய் இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "எனக்குத் தெரியும். என் கால் மேல இருக்கு, பெடல் தானா கீழ போகுது. நாயா மிதிச்சுது?" என்றாள். இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் கட்டியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வேலை போச்சே என்று எழுதினேன். "ஆறாவது தடவை போகணும்னு இருந்தா போயிருக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

இரண்டையும் ஒட்டு. 'நாய்' என்ற வார்த்தையும் வேண்டுமானால் எடுத்துக்கொள். அண்ணன் பார்க்கட்டும். நான் வரவில்லை, அவ்வளவு தைரியம் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது.

அத்தை


மே 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். அப்பாவும் நலம் என்றே நினைக்கிறேன். நீங்கள் இருவரும் நேற்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதால் முதலில் முடிவு: தேர்வாகிவிட்டேன். நாலு பேரில் நாலாவது.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மேனேஜரோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். மழை ஷாட்டில் மேனேஜர், "வைப்பர் சரியில்லன்னா என்ன ஆகும்னு காட்றாங்க, அருமை" என்றார். ஒன்பதாவது ஷாட்டில் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். பதினாலில் கார் குலுங்கி நிற்கிறது, திரை இருட்டாகிறது, "ஏன்?" என்று ஒரு குரல், "நாய்" என்று ஒரு குரல், முடிந்தது. மேனேஜர் மட்டும், "ஹெல்மெட் பத்தி ஒண்ணும் வரலியே" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா கேட்டார். "கைக்கடிகாரத்த உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருந்துச்சே, அது உன் அத்தை கைதானே?"

"ஆமாப்பா."

"ஓட்டினது?"

"மாடி அத்தை."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அப்புறம், "லைசென்ஸ் இல்லாமலா?" என்றார்.

"ஆஸ்பத்திரி வளாகம்ப்பா. ரோடு இல்ல."

"அப்ப சரி" என்று பஸ் ஏறிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மருமகள்

பி.கு.: பயிற்சியாளராக நடித்த பெண்ணுக்கு நிஜமாகவே ஓட்டப் பழகணுமாம். லீவில் கூட்டி வரட்டுமா?


மே 12

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். உன் தொண்டை தேறிவருவதாக அறிந்தேன்.

காரின் பாலிசி ஜூன் மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை இத்துடன் வைத்துள்ளேன். 'வாகனத்தை ஓட்டுபவர்கள்' என்ற பகுதியில் இதுவரை உன் பெயர் மட்டும் இருந்தது. இரண்டாவது பெயருக்கும் இடம் உள்ளது. அதற்கு லைசென்ஸ் நகல் தேவை. பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளவும்.

நாய் குறுக்கே வந்தது என்று எழுதி வரும் இழப்பீட்டு விண்ணப்பங்களை முப்பது வருடமாகப் படித்து வருகிறேன். பாதிக்கு மேல் நாய் கிடையாது. நாங்கள் கேட்பதில்லை. சில சமயம் கேட்டிருக்கலாம்.

அவங்க நலமா? நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

அண்ணன்


ஜூன் 20

மருமகளே,

நலம், நலம், நலம். மூன்றாவது நலம் காருக்கு.

அண்ணன் கடிதத்தை இவளிடம் கொடுத்தேன். கடைசி இரண்டு வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்துவிட்டு, எக்ஸ்ரே பிலிமைப் பிடிக்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. அப்புறம் மேலே போய்ப் பதில் எழுதினாள். 'நலம்' என்று ஒரே வரி. அதற்கு மூன்று தாள் வீண்.

இந்த மாதம் முதல் வியாழக்கிழமை ஆறாவது தேர்வு. புது அதிகாரி, சின்னப் பெண். என்னைப் பார்த்து, "ஏன் மேடம் காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சிருக்கீங்க?" என்றாள். "வாயு" என்றேன். முழுத் தேர்வும் சம்மணம் போட்டபடியே உட்கார்ந்திருந்தேன், கடைசித் திருப்பத்தில் இரண்டு காலையும் கையால் பிடித்துக்கொண்டு. தேறிவிட்டாள். இறங்கும்போது எனக்கு இரண்டு காலும் மரத்துப்போய், லைசென்ஸ் வாங்கினவள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

பாலிசிப் படிவத்தில் விலாசம் எழுதும்போது அவள் 'மாடி' என்று எழுதவில்லை. உறவுமுறைக் கட்டத்துக்கு அரைநாள் சண்டை, சிலேட்டு ஒரு ஓரத்தில் உடைந்துவிட்டது. கடைசியில் 'வீட்டு மனுஷி' என்று எழுதி அனுப்பினோம். அண்ணன் ஆபீஸ் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார், ஒரு திருத்தமும் இல்லாமல். நேற்று அவருடைய மாத போன் வந்தது. "நீ நல்லா இருக்கியா?" என்றார். அப்புறம் கொஞ்சம் இருமிவிட்டு, "அவங்கள்ட்ட குடு" என்றார். காரை மறந்தே போனார்.

பல் டாக்டரும் தேறிவிட்டார். நான் இப்போதெல்லாம் நடைதான்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லையே. அந்தப் பெண்ணைக் கூட்டி வா. காலை ஏழு மணி வகுப்பு காலியாக இருக்கிறது. அவள் எத்தனை தடவை தோற்றாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அத்தை